தெரிகிற வரை

பி.எட். முடிக்குமுன் ஆறு வார ஆய்வுப் பயிற்சி,
கொடைக்கானலில்.
வேலை: சூரியனின் புள்ளிகளை எண்ணுவது.

நான் பதினொன்று என்றேன். ஜெசிந்தா பதின்மூன்று.
மறுபடி எண்ணினோம்.
எனக்குப் பன்னிரண்டானது.
அவள் அசையவில்லை.

பதிவேட்டில்
இருவர் எண்ணுக்கும் தனித்தனிக் கட்டம்.
அடுத்து இன்னொன்று:
வானம் எப்படி இருந்தது?

பத்து மணிக்கெல்லாம் மஞ்சு ஏறி
பேரிக்காய் மரங்களைத் தின்றுவிட்டது.
இன்னொரு முறை எண்ண
சூரியன் இல்லை.

போன தை மாதம், வத்தலக்குண்டில்,
மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கப் போனேன்.
கூடைப் படம். எத்தனை நெல்லிக்காய்?
'தெரிகிற வரை ஒன்பது'
என்று எழுதியிருந்தான் ஒருவன்.
முதல் இரண்டு சொல்லையும்
சிவப்பு மையால் அடித்துவிட்டு
முழு மதிப்பெண் போட்டேன்,
பெருந்தன்மையாக.

பேனாவைக் கேட்கிறாள் ஜெசிந்தா.
இரு,
இன்னும் எழுதி முடிக்கவில்லை.