மீற்றர்

கார்ப்பெற்றில் கால் வைத்தேன்.
அது என் காலை உறிஞ்சியது.
விடிய ஐந்தரை. லைற் போடவில்லை.
கரையோர ரயில் போன அதிர்வு
சுவரில் இன்னும் இருந்தது.
பூனையாக்கும் என்று நினைத்தேன்.
எங்களிடம் பூனை இல்லை.

குந்தியிருந்து உள்ளங்கையால் அமத்த
விரலிடுக்கில் நுரையோடு வந்தது தண்ணீர்,
தேத்தண்ணி நிறத்தில்.

வெள்ளவத்தையில் நாலாம் மாடிக்கு
இது என்னத்துக்கு என்று அப்போதே கேட்டவர் இவர்.
கொள்ளுப்பிட்டியில் ஒரு குடும்பம்
நாட்டை விட்டுப் போகையில் விற்றது,
பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி, நாவல்பழ நிறம்.
லிஃப்ற்றுக்குள் மடங்காமல்
இரண்டு பேர் படியால் ஏற்றினார்கள்.
குடித்து முடித்த பிறகு
ஐந்து பேருக்கும் அசையவில்லை.

கீழ்வீட்டு றிஸ்வியா வந்து கதவைத் தட்டினா.
"எங்கட ஹோல் சீலிங்கில ஒரு தேசப்படம் வந்திருக்கு,
வந்து பாருங்களேன்."
அவ ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

பியதிலக பாஸ் பத்து மணி என்று சொல்லி
இரண்டரைக்கு வந்தார்.
சுவரில் காதை வைத்து
ஒட்டுக்கேட்கிறவர்போல நின்றார்.
எல்லாப் பைப்பையும் பூட்டச் சொன்னார்.
கீழே கூட்டிப்போய் மீற்றர் மூடியைத் திறந்து
கண்ணாடியைப் பெருவிரலால் துடைத்தார்.
"பலன்ன, மிஸ்."

அரிசிமணி அளவில் ஒரு சிவப்புச் சக்கரம்.
யாரும் குளிக்கவில்லை, யாரும் கோப்பை கழுவவில்லை.
அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

எவ்வளவு நாளாய் என்று கேட்டேன்.
"ஆறு மாசம், மிஸ். ஏழும் வரும்.
உள்ளுக்கு பழைய இரும்பு.
கொஞ்சம் கொஞ்சம் போறது. இண்டைக்குத்தான் பெரிசா போனது."

விரல் மடித்து எண்ணினேன்.
பங்குனியில் வந்து நின்றது.

பங்குனியில்தான் தண்ணிப் பில் இரட்டிப்பாய் வந்தது.
பின்னறையில் வாடகைக்கு இருந்தவள் லக்சிகா,
களுவாஞ்சிகுடிப் பிள்ளை, கணக்கியல் படிக்க வந்தவள்,
இடுப்புக்குக் கீழே தலைமயிர்,
வெள்ளி தவறாமல் முழுக்கு.
பில்லை ஃபிரிட்ஜில் ஒட்டினேன்,
அவள் கண்ணுக்கு நேரான உயரத்தில்.
அடுத்த மாதம் வாடகையோடு
எழுநூற்றைம்பது கூட்டினேன்.
அதற்கும் அடுத்த மாதம் குளியலறைக்கு வெளியே நின்று
எனக்கே சொல்கிறமாதிரி உரத்துச் சொன்னேன்:
"சில பேருக்கு வீட்டுக்குள்ள ஆறு ஓடுதெண்டு நினைப்பு."
உள்ளே தண்ணீர் உடனே நின்றது.

ஆடியில் போய்விட்டாள்.
போகும்போது தலைமயிர் தோளோடு இருந்தது.
வெக்கை அக்கா, என்றாள்.

அவள் போன பிறகும் பில் இறங்கவில்லை.
அந்தப் பில்லை நான் ஃபிரிட்ஜில் ஒட்டவில்லை.

மூன்று நாள், இரண்டு ஃபான், ஒரு கிலோ அப்பச்சோடா.
இந்தக் கடற்காற்றில் உப்பே காயாது.
நாலாம் நாள் ஓரங்களில் பூஞ்சணம் முளைத்தது,
குட்டி எலியின் முதுகுபோல மெத்தென்று.
எறி, என்றார் இவர்.
மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு
கத்தியால் கீலம் கீலமாய் அரிந்தேன்.
காவலாளி தன் நாய்க்கென்று இரண்டு துண்டு கேட்டார்.
மணக்குது, என்றேன்.
நாயும் மணக்கும், என்றார்.

பின்னறை வாசலோரத் துண்டில்
நூலுக்குள் சிக்கி ஒரு நீள மயிர்.
இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது.

"லக்சிகா, சுகமா? ஒரு கணக்குப் பிழைச்சுப்போச்சு,
பாங்க் நம்பர் அனுப்பு" என்று ஃபோனில் எழுதினேன்.
அழித்தேன்.
சுவர், இரும்பு, பாஸ் எல்லாவற்றையும் எழுதினேன்.
குழாய்மேல் பழி போட்டமாதிரி இருந்தது.
அதையும் அழித்தேன்.

இரவு, வெறும் சீமெந்து உள்ளங்காலில் குளிர
படியிறங்கிப் போய் மூடியைத் திறந்தேன்.
சக்கரம் அசையாமல் நின்றது.
"இன்னும் லீக்கா?" காவலாளி கேட்டார்.
இல்லை என்று வாயெடுக்க
திடீரென்று சுற்றத் தொடங்கியது.
நெஞ்சு ஒருமுறை இடறிற்று.
மேலே இவர் முகம் கழுவுகிறார், அவ்வளவுதான்.

மூடியைப் போடாமல் அங்கேயே குந்தி
மூன்றாம் தரம் எழுதினேன்:
அது நீ குளிச்ச தண்ணி இல்லை.