முதல் மடக்கு

திங்கட்கிழமை ஓட்டலுக்கு விடுமுறை.
துமாஸ் தெருவில் நாற்காலிகள்
மேசைமேல் கால் தூக்கிக் கிடக்கும்.
நான் சோலை நகரில்
என் வீட்டு மேசைக்குத் துணி விரிக்கிறேன்.
மேசை என்பது தையல் மெஷினின் மூடி.

இறால் கம்பெனியிலிருந்து வந்த மதலேன்
மூன்றாம் முறையாகக் கை கழுவுகிறாள்.
எலுமிச்சைத் தோல் தேய்த்தும்
நகக்கண்ணில் கடல் மிச்சமிருக்கிறது.

"உக்காரு."
"துணி மடிக்கணும்."
"உக்காரு மதலேன்."

முழங்கையில் துண்டு போட்டுக்கொண்டேன்.
நேற்று நான் தலை துவட்டிய ஈரிழைத் துண்டு.
பாட்டிலின் சீட்டு அவளைப் பார்க்கும்படி பிடித்தேன்.
அப்படித்தான் பிடிக்க வேண்டும்,
விரலால் பெயரை மறைத்தால் மேனேஜர் முறைப்பார்.
மூன்று நாளைக்கு முன் யாரோ திறந்து
பாதியில் எழுந்து போன வெள்ளை ஒயின்.
சாஸுக்கென்று சமையல்காரர் எடுத்து வைத்ததைக்
கேட்டு வாங்கி வந்திருந்தேன்.

பாட்டிலின் வயிற்றில் ஒரு விரல் வைத்து
"குளிர் பத்தாது" என்றாள்.
காலை ஆறு மணியிலிருந்து ஐஸுக்குள் இருந்த விரல்.
எனக்கு எட்டு டிகிரி என்று பாடம் எடுத்தவருக்கு
அப்படி ஒன்று கிடையாது.
மறுபடியும் பெயிண்ட் வாளிக்குள், கால் மணி நேரம்.

பிறகு ஊற்றினேன்,
எவர்சில்வர் டம்ளரில், அடி மறையும் அளவு.
கடைசிச் சொட்டு சிந்தாமல் மணிக்கட்டைத் திருப்பி
ஓரடி பின்னால் நகர்ந்து நின்றேன்.

"என்ன, இவ்ளோதானா?"
"குடிச்சிப் பாத்துச் சொல்லணும்.
நீ சரின்னாதான் மீதி ஊத்துவேன்."
"நல்லால்லைன்னா?"
"திருப்பி எடுத்துட்டுப் போயிடுவேன்."
"காசு?"
"கேக்க மாட்டாங்க."

டம்ளரைப் பிடித்தபடியே இருந்தாள்.
பதினோரு வருஷம்.
சீட்டுப் பணம், மூத்தவனுக்குப் பள்ளிக்கூடம்,
என் அண்ணன் வந்து தங்கிய எட்டு மாதம்.
எதற்கும் நான்
ஓரடி நகர்ந்து நின்றதாக நினைவில்லை.

"இதக் கல்யாணத்துக்கு முந்தியே
சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

அப்புறம், சுழற்றாமல், முகராமல்,
ரசத்துக்கு உப்புப் பார்ப்பதுபோல் நாக்கில் விட்டு
கண்ணை மூடினாள்.
ஓட்டலில் எல்லோரும் சரி என்றுவிடுவார்கள்,
பாதிப் பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டே.
ஒன்பது வருஷத்தில் வேண்டாம் என்றவர்கள்
இரண்டு பேர்.

"புளிச்சிடுச்சி. எடுத்துட்டுப் போ."

மூன்றாவது ஆள்.
உண்மைதான், புளித்துத்தான் இருந்தது.
வரும் வழியில் நானே ஒரு வாய் பார்த்திருந்தேன்.

எடுத்துப்போக அடுப்பு மேடைவரை
நாலடி தூரம்.
ஒரு சாத்துக்குடி, விதை நீக்கி, வட்டவட்டமாக.
நன்னாரி இரண்டு கரண்டி.
உப்பு, கிள்ளிய அளவு.
அவள் வேண்டாமென்றதை அதன்மேல் ஊற்றி
கோலியைக் கட்டைவிரலால் அழுத்தினேன்.
சோடா சீறி என் சட்டையில் பாதி.
ஓட்டலில் இதற்கு வாயில் நுழையாத பெயர் வைத்து
அறுநூறு ரூபாய் போடுவார்கள், வரி தனி.

மறுபடி டம்ளர். மறுபடி அடி மறைய.
மறுபடி ஓரடி.

குடித்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
கரையில் ஒரு படகு எஞ்சின்
தும்மித் தும்மிக் கிளம்பப் பார்த்தது, நின்றது,
திரும்பவும் தும்மியது.
சட்டையில் சர்பத் காய்ந்து ஒட்ட ஆரம்பித்தது.
நிற்க வைத்தாள் என்னை,
வேண்டுமென்றேதான்.

"அந்தத் துண்டத் துவைக்கப் போடு"
என்றாள்,
டம்ளரை நீட்டியபடி.