பதினோரு முட்டு

சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவே
ஒன்பது அங்குலச் சுவர்.
பலாப்பழத்தைத் தட்டுவதுபோல் தட்டிப் பார்த்து
"இதுதாங்க தாங்குது" என்றார் மாதப்பன் மேஸ்திரி.
இடித்தோம்.

ஓசூரிலிருந்து இரும்பு உத்தரம் வர
ஒரு நாள் தாமதம்.
அந்த இரவு
காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீடு
பதினோரு ஜாக்கி முட்டுகளின் மேல் நின்றது.
மாடியில் குடியிருக்கும் சுபேதா டீச்சர்
தண்ணீர் வாளியை ஓசையில்லாமல் இறக்கினார்.
பேச்சுக்கும் எடை உண்டோ என்னவோ,
குரலைத் தாழ்த்திக்கொண்டோம்.
பதினெட்டு வருடத்தில்
அன்றுதான் நீ சண்டையைப் பாதியில் விட்டாய்.

இப்போது அடுப்படியிலிருந்தே தெரு தெரிகிறது,
தக்காளி லாரி, அதன் பின்னால் ஓடும் நாய்.
உத்தரம் அசையவில்லை.

டீச்சர்தான் வாடகை கொடுக்க வந்தபோது சொன்னார்:
"குளியலறைக் கொண்டி ஒரு நூல் இறங்கிடுச்சு.
பரவாயில்லை,
கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்திக்கிறேன்."