நான்கு பேர், ஒரு நாய்

ஐடஹோவின் எரிமலைப் பாழில்
ஜனவரியில் என் வேலை எண்ணுவது.
இன்று வாசலுக்கு வந்தவர்கள் நான்கு பேர், ஒரு நாய்.
நாய்க்கு அனுமதி இல்லை.
அதோடு வந்தவரும் அதோடு திரும்பினார்.
ஆக, உள்ளே மூவர்.

இருவர் ஆர்க்கோ பள்ளிக்கூடத்து ஆசிரியைகள்.
சறுக்குக் கட்டைகளோடு போய்
மூக்கு சிவந்து இரண்டு மணிக்கே வந்துவிட்டார்கள்.
மூன்றாமவர் கையெழுத்து: ஆர்வல் டிங்கி, பொக்கடெல்லோ.
வந்த நோக்கம் என்ற கட்டத்தில் ஒரு கோடு.

நாலரைக்கு அவர் கார் மட்டும்
வெள்ளையாகிக்கொண்டிருந்தது.
விளக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சாலை எது, பாறை எது என்று
பனி யாருக்கும் சொல்வதில்லை.
கோலால் குத்தினால்
சாலை ‘ம்’ என்கிறது,
பாறை கடிக்கிறது.
ஒரு முயல் குறுக்கே போய்
நடுவில் மனம் மாறித் திரும்பியிருக்கிறது.
அவர் காலடி மாறவில்லை,
நேரே கூம்பின் உச்சிக்கு.

அங்கே காற்று பனியைத் தங்க விடாது.
சட்டியின் அடிப்பக்கம் போல ஒரு கறுப்பு.
அதில் குப்புறக் கிடந்தார்,
கையுறை கழற்றிய உள்ளங்கையும்
ஒரு காதும் மண்ணில் பதிய.

ஓடினேன்,
ஓட முடியாத பனிச்செருப்போடு.
‘உயிரோடுதான் இருக்கிறேன்’ என்றார், திரும்பாமலே.
‘முப்பத்தொரு வருஷம் வீடுவீடாக ஹீட்டர் பழுது பார்த்தேன்.
நேற்றோடு சரி.
இன்று காலை போன் அடிக்கவில்லை.
இவ்வளவு பெரிதை அணைத்துவிட்டு
யார் போனது என்று பார்க்க வந்தேன்.’

அணைந்து இரண்டாயிரம் வருஷம் என்றேன்,
துண்டுத்தாளைப் படிக்கும் குரலில்.
மறுபடி எரியும் என்கிறார்கள் என்றேன்.
‘எப்போது?’
அது தாளில் இல்லை.

அடுப்பில் பூனை உறங்கினால்
அந்த வீட்டில் பசி.
இந்த அடுப்பில் பனி உறங்குகிறது,
கண் போகும் தூரம் வரைக்கும்.
யாருடைய பசி என்று தெரியவில்லை.

என் அறையில் காபி கொடுத்தேன்.
ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையைச் சாய்த்தார்.
நவம்பரிலிருந்து டொக் டொக்கென்று
அடித்துக்கொள்ளும் என் ஹீட்டரின் விலாவில்
இரண்டு விரலால் ஒரு தட்டு,
கார் சாவி முனையால் அரைச் சுற்று.
சத்தம் நின்றது.
காபிக்கு நன்றி என்றார்.

அந்த டொக் டொக்
எனக்கு எவ்வளவு துணையாக இருந்தது என்று
அவர் கார் போன பிறகுதான் தெரிந்தது.

பதிவேட்டை எழுதி முடித்தேன்.
போனவர் மூவர், திரும்பியவர் மூவர்.
கோட்டைக் கோடாகவே விட்டேன்.
நாய், ஒன்று.
பெயர் கேட்கவில்லை.