பன்னிரண்டும் நாற்பத்தொன்றும்

சாட்ஸ்வொர்த், ஏழாம் யூனிட்.
சாலாட்சி முனுசாமி, வயது ஐம்பத்து நான்கு.
முப்பது வருடம் காலர் வெட்டிய கை
பென்சிலைக் கத்திரிபோல் பிடித்திருக்கிறது.

ஒன்று: துளியும் இல்லை. ஐந்து: முழுக்க முழுக்க.
வட்டம் போட்டால் போதும்,
பெயர் எங்கும் வராது.

எளிதில் பதறுவேன்: நான்கு. இல்லை, ஐந்து.
அடுப்பில் பருப்பு பொங்கியது,
அவள் எழவில்லை.

நாற்பத்தொன்றில் நின்றாள்.
"'நான் கரைந்து, நேரம் நின்றுபோனதுண்டு.'
இதை முன்னமே கேட்டாயே?"

அது வழிபாட்டுப் பகுதி.
இது படுக்கைப் பகுதி.

சிரித்தாள், தங்கப்பல் தெரிய.
"அதுக்கு ஒண்ணு போட்டேன்.
தீ மிதிக்கும்போதுகூட
அடி எண்ணிக்கிட்டேதான் போனேன், பதினொண்ணு.
ரப்பர் இருக்கா? சாமி கோவிச்சுக்கும்."

கொடுத்தேன்.
வெகுநேரம் உருட்டிவிட்டு
அழிக்காமலே திருப்பித் தந்தாள்.
நாற்பத்தொன்றில்
ஐந்தைச் சுற்றி இரண்டு வட்டம்.

மணநிலை: விதவை, ஒன்பது வருடம்.
நான் ஏதும் கேட்கவில்லை.
"இது போன ஜூலை" என்றாள், ஜன்னலைப் பார்த்து.

பக்தியும் காமமும் சேர்ந்தே ஏறும் என்பது
என் கருதுகோள்.
வரைபடத்தில் புள்ளிகள் எல்லாம்
சாய்கோட்டின் மேல் ஏறிக்கொண்டிருக்க,
ஒன்று மட்டும் மூலையில் தனியே.
விலக்கிவிடலாம் என்கிறார் பேராசிரியர்.

அந்தத் தாளில் இன்னமும்
தீய்ந்த பருப்பு வாசனை.