நாலுக்கு ஒண்ணு

கோல் காத்த பதினாறு வருடமும்
பத்து முதுகுகளைப் பார்த்து நின்றவன் நான்.
எவன் சலித்துவிட்டான்,
பந்து போன பிறகு எவன் கடன்காரனை நினைக்கிறான்,
எல்லாம் முதுகில் எழுதியிருக்கும்.
மேனேஜர் ஆனதும் பக்கவாட்டில் நிறுத்திவிட்டார்கள்.
சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே
கால் ஒன்று வளைந்த பிளாஸ்டிக் நாற்காலி.
தோள்களை வாசிக்க எனக்கு இன்னும் வரவில்லை.

முதலில் குலசேகரம்.
பால்வெட்டுகிற பையன்கள்.
நெற்றியில் விளக்கைக் கட்டி, இருட்டிலேயே
முந்நூறு மரம் முடித்துவிட்டு
நாலு மணி ஆட்டத்துக்குக் கொட்டாவியோடு வருவார்கள்.
மழை பெய்தால் வெட்டு இல்லை.
அந்த வருடம் மழை நாளில் மட்டும் ஜெயித்தோம்.
சம்பளம், ஒட்டுப்பால் விற்ற காசில் மிச்சம்.

பிறகு மார்த்தாண்டம், ஒரு தேன் வியாபாரியின் அணி.
மகன்தான் சென்டர் ஃபார்வர்ட்.
அவனை உட்கார வைத்தேன்.
மறுநாள் என்னை உட்கார வைத்தார்கள்.
கணக்குத் தீர்க்கக் கொடுத்த இரண்டு குப்பித் தேன்
அலமாரியில் இறுகிக் கிடக்கிறது.
ஸ்டெல்லா அதைத் தொடுவதில்லை.

தக்கலையில் ஒரு சீசன்.
கருங்கல்லில் பதினொரு நாள். அதைக் கேட்காதீர்கள்.

என் வலது சுண்டுவிரல் மூன்று முறை முறிந்து
தனக்கென்று ஒரு திசை வைத்திருக்கிறது.
"இடது பக்கம் போ மக்கா" என்று கை நீட்டுவேன்,
விரல் வலது கார்னரைக் காட்டும்.
வாயைக் கேட்பவன் இடது போவான்,
விரலைப் பார்ப்பவன் வலது போவான்.
எதிரணி இரண்டையும் நம்பிக் கலங்கியதுண்டு.
அதை வியூகம் என்று எழுதினார் உள்ளூர் நிருபர் ஒருவர்.
நான் மறுக்கவில்லை.

இப்போது இரவிபுத்தன்துறை, இரண்டாம் டிவிஷன்.
தென்மேற்கு கார்னரைக் கள்ளக்கடல் கொண்டுபோய்விட்டது.
கொடி மூன்று எட்டு உள்ளே நிற்கிறது,
நடுவர்கள் பழகிவிட்டார்கள்.
கோல் வலை, கிழிந்த மடிவலை. பந்து மாட்டினால்
எடுக்க ஐந்து நிமிடம், மீன் நாற்றம் இலவசம்.

தடைக்காலத்தில் மட்டும் எனக்கு முழு அணி இருக்கும்.
ஆனால் அட்டவணை போடுகிறவர்கள் நாகர்கோவில்காரர்கள்,
அவர்களுக்குக் கடல் என்பது ஞாயிற்றுக்கிழமை.
தை மாதம், கடைசி ஆட்டம்.
சமன் செய்தால் போதும், டிவிஷனில் நிற்போம்.
ஸ்டாப்பர் ஜெரோன்ஸ் ரத்னகிரிக்கு வெளியே தூண்டில் போடுகிறான்.
விங்கர்கள் இருவரும் லட்சத்தீவுப் பக்கம்.
கோலி டெல்பின் எங்கே என்று
அவன் படகுக்கே சரியாகத் தெரியாது.
மாற்றுக் கோலிக்கு அன்று மனசம்மதம்.
பெண் வீட்டாரிடம் தேதி மாற்றச் சொல்லிப் பார்த்தேன்.

ஐம்பத்தொன்று வயதில் கிளவுஸ் மாட்டினேன்.
சுண்டுவிரல் உள்ளே போகவில்லை,
அந்த விரலை மட்டும் வெட்டி வெளியே விட்டேன்.
மறுபடியும் பத்து முதுகுகள்.
பொய் சொல்லமாட்டேன், சந்தோஷமாக இருந்தது.
முதல் கோல் கால்களுக்கு நடுவே.
இரண்டாவதுக்குப் பாய்ந்தேன், மனசு மட்டும் போய்ச் சேர்ந்தது.
மூன்றாவது பெனால்டி.
நாலாவதை நான் பார்க்கவேயில்லை, மாலை வெயில் நேர் எதிரே.
நாங்கள் போட்ட ஒன்று, அவர்களுடைய ஸ்டாப்பரின் தலை புண்ணியம்.

இரவு வயர்லெஸ்ஸில் ஒரு படகு கூப்பிட்டது.
"சாரே, களி என்னாச்சு?"
"நாலுக்கு ஒண்ணு" என்றேன்.
யாருக்கு நாலு என்று சொல்ல வாயெடுப்பதற்குள்
அது அடுத்த படகுக்குப் போனது, அங்கிருந்து அடுத்ததற்கு.
இரைச்சலுக்கு நடுவே
பாத்திரம் தட்டுகிற சத்தம் கேட்டது, சீழ்க்கை,
யாரோ ஹாரனை விடாமல் அழுத்தினான்.
டெல்பின் குரல் வெகு தொலைவிலிருந்து, உடைந்து உடைந்து:
"கோல்ல... யாரு... நின்னா?"

பொத்தானை அழுத்தினேன். விட்டேன்.
கரையேற அவர்களுக்குப் பதினெட்டு நாள் ஆகும்.
அதுவரை நாங்கள் இரண்டாம் டிவிஷன்.