பத்தொன்பது கிலோமீட்டர்

லண்டன்பேட்டையில் மாடிவீடு, வாடகைக்கு.
மேசையில் இரண்டு கருப்பு ஜன்னல்கள்.
வலதில் இருப்பது அசல் லண்டன்:
ஆயுள் முடிந்த ஒரு சர்வர்,
இன்றிரவோடு அணைத்துவிடும்படி கடிதம் வந்திருக்கிறது.
இடதில் சந்தூர்,
மாங்கூழ் ஆலையின் எடைமேடைக் கணினி.
இரண்டுக்கும் ஒரே எழுத்துரு.
என் விரலிலிருந்து இரண்டும் ஒரே தூரம்.

ஆனி மாதம். மணி ஒன்றே முக்கால்.
சூடோ என்று அதிகாரம் கேட்டேன்.
கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன்.
ஷட்டவுன், இடைவெளி, நௌ.
எண்டர்.

இணைப்பு துண்டிக்கப்பட்டது என்றது
இடது ஜன்னல்.

வலதில் லண்டன்
சாகாமல் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

பிங் அனுப்பினேன். மறுபடி அனுப்பினேன்.
கிணற்றில் போட்ட கல்லாவது
ஒரு சத்தம் தரும்.
படுக்கவைக்க ஒரு சொல் போதும்;
எழுப்புகிற சொல்லுக்கு
அந்தப் பக்கம் ஒரு காது வேண்டும்.
பதினோரு லாரி நிறையத் தோத்தாபுரி
எடை போடாமல் பழுத்துக்கொண்டிருந்தது.

இரவுக் காவல் திம்மராயனுக்குப் போன் போட்டேன்.
"எந்தப் பெட்டி மேடம்?"
"டேபிளுக்குக் கீழ. கருப்பா இருக்கும்."
"இங்க எல்லாமே கருப்புதான்."
"வட்டம் ஒண்ணு, அதுக்குள்ள ஒரு கோடு."
"வட்டம் இருக்கு. கோடு தேஞ்சு போச்சு.
அமுக்கட்டுமா?"

அவரிடம் யாரும் கடவுச்சொல் கேட்கவில்லை.

செல்போனுக்குள் ஒரு விசிறி
இருமி இருமிச் சுற்றத் தொடங்கியது.
யாரோ ஒரு டிரைவர்
யாருடைய அம்மாவையோ இழுத்துத் திட்டினார்.
நாற்பது நொடி.
பிறகு அறுபத்து நான்கு பைட்டுகள்,
பதில்,
இன்னொரு பதில்.
நாற்காலியில் சாய்ந்தபோதுதான் தெரிந்தது
அவ்வளவு நேரமும் நின்றிருக்கிறேன்.

இப்போதெல்லாம் எண்டருக்கு முன்னால்
ஹோஸ்ட்நேம் என்று தட்டி
நீ யார் என்று கேட்டுக்கொள்கிறேன்.
சொல்லிவிடும்.
திருப்பி என்னைக் கேட்காது.

திம்மராயன் கேட்டார், அன்றைக்கே:
"நீங்க எங்கிருந்து பேசறீங்க மேடம்?"
"லண்டன்..."
"அடேங்கப்பா! அங்க மழையா?"
பேட்டை என்று முடிப்பதற்குள்
லாரி ஒன்று ஹாரன் அடிக்க
வைத்துவிட்டார்.

தகரக் கூரையில் தூறல் விழுந்தது.
சந்தூரிலும் விழுந்திருக்கும்,
பத்தொன்பது கிலோமீட்டர்தானே.
வலது ஜன்னலை
அன்றிரவு நான் அணைக்கவில்லை.